நண்பருக்கு விற்கும் நாணயத்துக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: பல ஆண்டுகளாக நாணயம் சேகரித்து வருகிறேன். ஒன்றுக்கு மேல் சேர்ந்துவிட்ட நாணயங்களை எங்கள் சேகரிப்பாளர் குழுவில் இருப்பவர்களுக்கே விற்றுவிடலாம் என்று எண்ணம். ஆனால் விலை சொல்லத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. கேட்டலாக்கில் ஒரு விலை, இணையத்தில் ஒரு விலை, டீலர் சொல்வது வேறு விலை. சென்ற முறை ஒரு வெள்ளி நாணயத்தை நண்பர் என்பதற்காக மிகவும் குறைத்துக் கொடுத்தேன். அவர் அடுத்த வாரமே அதை இரண்டு மடங்குக்கு விற்றுவிட்டார். மனம் கசந்துபோனது. இன்னொருவரிடம் சந்தை விலையைச் சொன்னதற்கு, "நமக்குள்ளேயே வியாபாரமா?" என்று கேட்டுவிட்டார். இப்போது குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர், என்னிடம் இருக்கும் மோர்கன் டாலர் (அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர்) ஒன்றைக் கேட்கிறார். அது எப்போதோ யாரோ தேய்த்துத் துலக்கிய நாணயம். அவருக்கு அது தெரியவில்லை. நான் என்ன விலை சொல்வது நியாயம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நாணயங்களை மதிப்பிடுவதும் வாங்கி விற்பதும் என் தொழில். அதனால் டீலர் பக்கத்துக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்கிறேன்; உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நாணயத்தை நான் கடையில் 100-க்கு விற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாணயத்தை நீங்கள் என்னிடம் கொண்டுவந்தால் 100 தரமாட்டேன். பலரும் தேடும் நாணயம் என்றால் 75 தரலாம். என் பெட்டியில் ஏற்கெனவே பத்து கிடக்கும் ரகம் என்றால் 50 தருவதே அதிகம். இந்த இடைவெளியில் என் கடைச் செலவு, விற்கும்வரை முடங்கிக் கிடக்கும் பணம், போலி என்று தெரிந்தால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்ற உறுதி, அப்புறம் என் பிழைப்பு எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு சேகரிப்பாளர் இன்னொரு சேகரிப்பாளருக்கு நேரடியாக விற்கும்போது இந்தச் செலவுகளில் பெரும்பகுதி இல்லை. ஆகவே அந்த இடைவெளி உங்கள் இருவருக்கும் சொந்தம். அதைப் பங்கிட்டுக்கொள்வதுதான் நீங்கள் தேடும் நியாய விலை.

டீலர் 60 தருவார், 100-க்கு விற்பார் என்றால் நீங்கள் நண்பரிடம் 80 கேளுங்கள். உங்களுக்கு 20 கூடுதல், அவருக்கு 20 மிச்சம். கேட்டவுடன் போகக்கூடிய நாணயம் என்றால் 85, 90 வரை போகலாம். நாளைக்கே வேறொருவர் அந்த விலைக்கு எடுத்துக்கொள்வார், அதில் தவறே இல்லை. ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்காத நாணயம் என்றால் 65, 70-க்கு இறங்கி வாருங்கள். 60-க்குக் கீழே போனால் அது விற்பனை ஆகாது, பாதி அன்பளிப்பு. 100-க்கு மேலே போனால், அவர் கடையிலேயே உத்தரவாதத்தோடு வாங்கிக்கொள்ளலாமே?

சரி, அந்த 100-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

அச்சிட்ட கேட்டலாக்கை விலைக்காக நம்பாதீர்கள். எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எத்தனை வகை என்று அறிய அது அருமையான துணை. ஆனால் அதில் இருக்கும் விலை, புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் யாரோ கணித்த சில்லறை விலை. இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையும் உதவாது. அது விற்பவரின் ஆசை மட்டுமே. சாதாரண நாணயத்துக்கு வானளாவிய விலை போட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் எல்லாத் தளங்களிலும் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலைகளை. பெரிய விற்பனைத் தளங்களில் அதற்கென்று தனி வடிகட்டி உண்டு. ஏல நிறுவனங்களும் பழைய முடிவுகளைக் காப்பகமாக வைத்திருக்கின்றன. அதே வகை, அதே தரம், சமீப மாதங்கள் என்று ஏழெட்டு விற்பனைகளை எடுத்துக்கொண்டு, மிக அதிகமான ஒன்றையும் மிகக் குறைவான ஒன்றையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பாருங்கள். இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிய விலையும், படம் சரியில்லாததால் அடிமாட்டு விலைக்குப் போனதும் அதில் கழிந்துவிடும்.

ஏல விலையில் ஒரு நுணுக்கம். பல ஏல நிறுவனங்கள் முடிந்த தொகைக்கு மேல் 20 விழுக்காடு அளவுக்கு வாங்குபவரிடம் கட்டணம் வசூலிக்கின்றன. காப்பகத்தில் காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்று முதலில் பாருங்கள். 100-இல் முடிந்த நாணயத்துக்கு வாங்கியவர் 120 கொடுத்திருப்பார்; விற்றவர் கைக்குத் தன் பங்குக் கமிஷன் போக 90 வந்திருக்கலாம். "ஏலத்தில் 120 போனது" என்று நீங்கள் சொல்வதும் உண்மை, "விற்றவருக்கு 90-தானே கிடைத்தது" என்று நண்பர் சொல்வதும் உண்மை. 100, 105 என்று முடித்துக்கொண்டால் இருவருமே ஏலத்துக்குப் போனதைவிட நன்றாக இருப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே வரும் நாணயம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அப்போது கடைசியாக விற்ற விலையை இருவரும் சேர்ந்து பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் குழுவுக்குள்ளேயே ஒரு சிறு ஏலம் வைத்துவிடுங்கள்.

வெள்ளி, தங்க நாணயங்களுக்கு ஒரு தரை விலை இருக்கிறது: அவற்றில் உள்ள உலோகத்தின் மதிப்பு. அதைக் கணக்கிடாமல் விலை பேசவே கூடாது. நீங்கள் குறைத்துக் கொடுத்ததாகச் சொல்லும் வெள்ளி நாணயம், அன்றைய உலோக மதிப்புக்கே கீழாகப் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு மடங்குக்கு ஒரே வாரத்தில் விற்க முடிந்தது என்றால் அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கணக்கு எளிது. மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. ஆக சுத்த வெள்ளி சுமார் 24.06 கிராம். உலகச் சந்தையில் வெள்ளி விலையை டிராய் அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம், மளிகைக் கணக்கில் வரும் 28.35 கிராம் அவுன்ஸோடு இதைக் குழப்பிக்கொண்டு, தன் நாணயத்தில் இருக்கும் வெள்ளியைக் கூட்டிக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. விலை பேசும் நாளின் வெள்ளி விலையையே எடுங்கள். நன்றாகத் தேய்ந்த நாணயம் என்றால் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள், எடை குறைந்திருக்கும்.

இந்தத் தரைக்கு மேல் சேகரிப்பு மதிப்பு எவ்வளவு என்பதுதான் அடுத்தது. அங்கே பழமையை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நான்காம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கில் புதையல்களாக வெளிவந்திருக்கின்றன. பல நவீன நாணயங்களைவிட அவை மலிவு. மரியா தெரசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளி நாணயத்தில் 1780 என்று போட்டிருக்கும். அந்த அரசி இறந்த ஆண்டு அது. ஆனால் அதே ஆண்டைத் தாங்கி 20-ஆம் நூற்றாண்டிலும் வியன்னா, லண்டன், பாரிஸ், மும்பை எனப் பல நாணயச்சாலைகளில் அதை அடித்திருக்கிறார்கள். அந்தத் தாலரை "இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை" என்று நண்பருக்கு விற்றால், தெரியாமல் சொன்னாலும் அது பொய்தான்.

எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணிக்கையும் பாதி உண்மையைத்தான் சொல்லும். எத்தனை பிழைத்தன, எந்த நிலையில் பிழைத்தன என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் லிங்கன் சென்ட் வரிசையில் இரண்டு நாணயங்கள் இதற்கு நல்ல பாடம். 1909-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த, வடிவமைத்தவரின் விடிபி என்ற முதலெழுத்துகள் உள்ள சென்ட் 4,84,000 மட்டுமே. 1914-இல் டென்வரில் அடித்தது 11,93,000. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் புழங்காத உயர் தரத்தில் 1914 சென்ட்தான் விலை அதிகம். 1909-இல் அது புது வடிவம் என்பதால் வந்த கையோடு மக்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1914-ஐ யாரும் பொருட்படுத்தவில்லை, அது புழங்கித் தேய்ந்துபோனது. தேய்ந்த நிலையில் பார்த்தால் மறுபடி 1909-க்கே மதிப்பு. அதே இரண்டு நாணயங்கள், தரம் மாறியதும் வரிசை தலைகீழாகிறது.

மோர்கன் டாலர்களின் கதை இன்னும் சிக்கலானது. 1918-இல் வந்த ஒரு சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டார்கள். எந்த ஆண்டில் எத்தனை உருகின என்று பதிவு இல்லை. ஆகவே அடித்த எண்ணிக்கையை வைத்து அந்த வரிசைக்கு விலை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், 1903-இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த டாலர் அந்த வரிசையின் பெரும் அரிதுகளில் ஒன்றாக மதிக்கப்பட்டு வந்தது. 1962-இன் இறுதியில் கருவூலப் பெட்டகங்களிலிருந்து அதே டாலர் மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. பெரிய விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் கண்ணெதிரே அதன் விலை சரிந்தது. வாங்கியபோது இருந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு விற்கப் போகாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். நீங்கள் கொடுத்த விலைக்கும் இன்றைய விலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கூடியிருந்தால் கூடியதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்; குறைந்திருந்தால் நஷ்டத்தை நண்பர் தலையில் கட்ட வேண்டாம்.

இப்போது தரம். என் அனுபவத்தில், சேகரிப்பாளர்களுக்குள் விலையைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை உண்மையில் தரத்தைப் பற்றிய சண்டைகள்.

இன்று பரவலாகப் பயன்படும் 1 முதல் 70 வரையான தர அளவுகோலை 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர், பெரிய சென்ட் எனப்படும் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக உருவாக்கினார். சுவையான செய்தி என்னவென்றால், அவர் அதை விலை சொல்லும் கருவியாகவே உருவாக்கினார். அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டும் மிஞ்சிய நாணயத்தின் விலை ஒரு பங்கு என்றால், தரம் 30 உள்ளதற்கு 30 பங்கு, அப்பழுக்கற்ற 70-க்கு 70 பங்கு. அந்த நேர்விகிதம் சந்தையில் வெகுகாலம் நிற்கவில்லை. அளவுகோல் மட்டும் நிலைத்துவிட்டது. 20 முதல் 35 வரை விஎஃப் (மிதமாகத் தேய்ந்தவை), 40, 45 எக்ஸ்எஃப் (லேசாகத் தேய்ந்தவை), 50 முதல் 58 வரை ஏயு (கிட்டத்தட்டப் புழங்காதவை), 60-உம் அதற்கு மேலும் புழங்காதவை. இன்று 64-க்கும் 65-க்கும் நடுவில் விலை இரட்டிப்பாகும் நாணயங்கள் உண்டு. ஒரே ஒரு படி! வெறுங்கண்ணால் பார்த்தால் பலருக்கு வித்தியாசமே தெரியாத படி.

அதில்தான் ஆபத்து. சொந்த நாணயத்தைப் பார்க்கும் கண் எப்போதும் ஒரு படி கூட்டியே பார்க்கும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. நாம் வாங்கும்போது "விஎஃப்தான் சார், பார்த்துச் சொல்லுங்க" என்று பேரம் பேசிய அதே நாணயம், விற்கும்போது எக்ஸ்எஃப் ஆகிவிடுகிறது. இதற்கு நான் சொல்லும் வழி: விலை எதுவும் சொல்லாமல், இது யாருடையது என்றும் சொல்லாமல், குழுவில் தரம் பார்க்கத் தெரிந்த இரண்டு பேரிடம் நாணயத்தைக் கொடுத்துத் தரம் கேளுங்கள். அவர்கள் சொல்வதில் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த நாணயம் என்றால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரப்படுத்தும் நிறுவனங்களுக்கு அனுப்பலாம். 1986, 1987-இல் அவை வந்த பிறகு இந்த வாக்குவாதம் ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் கட்டணமும் தபால் செலவும் நாணயத்தின் மதிப்பில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்றால் அனுப்புவதில் அர்த்தமில்லை.

உங்கள் மோர்கன் டாலருக்கு வருகிறேன். முதலில் அது அசல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வரிசையில் போலிகள் ஏராளம். எடை 26.73 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், விட்டம் 38.1 மில்லிமீட்டர், காந்தத்தில் ஒட்டக் கூடாது. இவை முதல் சோதனைகள்தான், சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அசல் என்றால், துலக்கிய நாணயம் என்பதை அந்த இளைஞரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. புது நாணயத்தின் மேல் இருக்கும் மினுமினுப்பு, அச்சு அழுத்தும்போது உலோகம் ஓடியதால் உண்டாகும் மிக நுண்ணிய வரிகளிலிருந்து வருகிறது. நாணயத்தைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் போலச் சுழலும். பொடி போட்டுத் தேய்த்தால் அந்த வரிகள் போய்விடும்; மறுபடி வராது. அதனால்தான் கறுத்துப்போன அசல் நாணயத்துக்கு இருக்கும் மதிப்பு, பளிச்சென்று வெளுத்த நாணயத்துக்கு இல்லை. தரப்படுத்தும் நிறுவனங்களும் இதற்கு எண் தராமல், துலக்கியது என்று குறித்தே அனுப்பும்.

விலை எவ்வளவு குறையும்? உருவத்தில் ஏயு போலத் தெரிந்தாலும் இரண்டு மூன்று படி கீழே உள்ள அசல் நாணயத்தின் விலையிலிருந்து தொடங்குங்கள். எளிதில் கிடைக்கும் ஆண்டு என்றால் வெள்ளி மதிப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அரிய ஆண்டு என்றால் துலக்கியதையும் வாங்க ஆள் இருப்பார்கள், அப்போது துலக்கிய நாணயங்கள் விற்ற விலைகளையே தனியாகத் தேடிப் பாருங்கள்.

விலையைச் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். அந்த இளைஞரை ஒற்றை விளக்கின் கீழ் உட்காரவைத்து, பத்து மடங்கு லென்ஸைக் கையில் கொடுத்து, வெற்றுப் பகுதியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்களைக் காட்டுங்கள். எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் அழுக்கு தங்கியிருப்பதைக் காட்டுங்கள். கூடவே துலக்காத ஒரு நாணயத்தையும் சாய்த்துக் காட்டுங்கள். எந்தப் புத்தகமும் அவருக்கு இதை இவ்வளவு தெளிவாகக் கற்றுத் தராது. இவ்வளவும் பார்த்த பிறகும் "எனக்கு இது பிடித்திருக்கிறது, தாருங்கள்" என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஆல்பத்தில் ஓர் இடத்தை நிரப்பத் துலக்கிய நாணயம் நல்ல தொடக்கம்தான். மூன்று ஆண்டு கழித்து வேறொருவர் மூலம் உண்மை தெரிந்து, நீங்கள் தெரிந்தே மறைத்தீர்கள் என்று அவர் நினைத்தால், இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடுவார். நல்ல சேகரிப்பாளர்கள் பலர் அப்படி ஆரம்பத்திலேயே மனம் வெறுத்து ஒதுங்கிப்போனதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இதையே திருப்பியும் பாருங்கள். நீங்கள் வாங்கும் பக்கத்தில் இருக்கும்போது, விற்பவருக்குத் தன் நாணயம் அரிய வகை என்று தெரியாவிட்டால்? டீலரின் தட்டிலிருந்து கண்டெடுத்தால் அது உங்கள் உழைப்புக்குப் பலன். பார்ப்பது அவருடைய தொழில். புதியவரிடமோ, வீட்டில் இறந்தவர் விட்டுப்போன பெட்டியைத் திறந்து காட்டுபவரிடமோ அப்படிச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். சொல்லிவிட்டு, நியாயமான தள்ளுபடியோடு கேளுங்கள். பெரும்பாலும் உங்களுக்கேதான் தருவார்கள்.

அடுத்த வாரமே விற்றுவிட்ட நண்பரைப் பற்றி. விற்ற பிறகு நாணயம் அவருடையது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருந்த நிபந்தனையை அவரிடம் சொல்லவில்லை. இனிமேல் நட்புக்காகக் குறைக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "இதன் விலை 80. உங்கள் வரிசையில் இது ஒன்றுதான் குறைகிறது என்பதால் 65-க்குத் தருகிறேன். எப்போதாவது விற்க நினைத்தால் முதலில் என்னிடம் கேளுங்கள்." ஒழுங்கானவர் அதைக் காப்பாற்றுவார். காப்பாற்றாதவருக்கு அடுத்த முறை 80. கோபப்பட வேண்டியதே இல்லை.

"நமக்குள்ளேயே வியாபாரமா?" என்றவரிடம் மூன்று எண்களையும் காட்டுங்கள்: டீலர் தருவது இவ்வளவு, டீலர் விற்பது இவ்வளவு, நான் கேட்பது இவ்வளவு. கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பேச்சு அநேகமாக நின்றுவிடும். பணம் கைமாறுவதே சங்கடம் என்றால் பண்டமாற்று இருக்கிறது. ஒரே ஒரு கவனம், இருவர் நாணயத்தையும் ஒரே கணக்கில் மதிப்பிடுங்கள். உங்களுடையது கடை விலையிலும் அவருடையது டீலர் தரும் விலையிலும் இருந்தால் அது மாற்று ஆகாது.

கடைசியாக, தொகை சிறியதோ பெரியதோ, நாணயத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். ஆண்டு, நாணயச்சாலை, எடை, நீங்கள் கணித்த தரம், குறைகள், விலை, தேதி. தபாலில் அனுப்பினால் செலவும் வழியில் தொலைந்தால் பொறுப்பும் யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள். மலிவான மெத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பாதீர்கள்; பிவிசி கலந்த உறை நாளடைவில் நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்கைப் படியவிடும். தரத்தில் மனம் ஒப்பாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று சொல்லுங்கள். போலி என்று தெரியவந்தால் மட்டும் காலக்கெடு வைக்காதீர்கள். எத்தனை ஆண்டு ஆனாலும் அதே நாணயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.